அடுக்களை வாசல் வரைக்கும்

தர்மாம்பாள் மைனி இரண்டு மாதம் இடது காலைத் தரையில் ஊன்றாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் லிமயே சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆஸ்பத்திரி, சிரிக்கிற இடமில்லை. இருந்தாலும் வந்துவிட்டது. மைனி உட்கார்ந்து நான் பார்த்ததே பஸ்ஸில்தான். அதிலும் பிம்ப்ரி வருவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "உட்காரு மாவ்ஷி, இன்னும் வரவில்லை" என்று கண்டக்டர் மராத்தியில், சித்தி முறை வைத்துக் கெஞ்சுவான். அது அவள் காதில் ஏறாது.

திருநெல்வேலிப் பக்கம் அண்ணியை மைனி என்பார்கள். நான் மைனி வீட்டுக்கு எதிர்வீடு, அதே மாடி. ஸ்கூட்டர் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். என் மனைவி ஊரில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் எனக்கு மூன்று வேளையும் மைனியின் கைச்சாப்பாடுதான். ஆகவே அந்தக் கால் தேறுவதில் எனக்கும் சுயநலம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மைனியின் வீட்டுக்காரர் அருணாச்சலம் அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம். இளவட்டமாக இருந்தபோது பம்பாய் ரயிலேறி, அங்கே ஒட்டாமல், புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் இறங்கி ஒரு இயந்திரக் கம்பெனியில் ஃபிட்டராக நிலைத்தவர். தொண்ணூற்றாறில் கம்பெனி கேட்டில் பூட்டு விழுந்தது. இன்று திறப்பான், நாளை திறப்பான் என்று தினமும் சட்டை மாட்டிக்கொண்டு கேட் வரை போய்விட்டு வருவார். மகள் மீனு நாக்பூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். வீடு ஓடியது மைனியின் மெஸ்ஸில். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த கல்யாணமாகாத பையன்கள் ஹாலில் பாய் விரித்துப் பந்தியாகச் சாப்பிட்டுப் போவார்கள். கொஞ்சம் பேர் டப்பாவில் வாங்கிப் போவார்கள்.

அந்த அடுக்களையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் பக்கவாட்டில்தான் நிற்கலாம். மாவு டின்னுக்கு மேலே சாமி அலமாரி. நெல்லையப்பரும் காந்திமதியும், திருச்செந்தூர் முருகன், ஒரு சின்ன வெண்கல அன்னபூரணி. அடுப்பில் எது இறங்கினாலும் முதல் கரண்டி அங்கே காட்டிவிட்டுத்தான் வெளியே வரும். செருப்பு வீட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றுவிடும். அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். இங்கே அடுக்களைக்குள் போக இன்னொரு தடவை கால் கழுவ வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் அடுக்களை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவான். அண்ணாச்சி கால் கழுவிவிட்டு வந்து உருட்டிக்கொண்டு போவார். கம்பெனியில் யந்திரத்தை அதட்டி வேலை வாங்கிய மனுஷன், வீட்டில் அந்த வாசல் தாண்டும்போது வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டிவிட்டுத்தான் நுழைவார்.

பூட்டு விழுந்த மறு வருஷம் ஜூலை மாதம், விடாத மழை. மைனி மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்தாள். நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது. தண்ணீர் நின்றதால் தெரியவில்லை. இடது பாதத்தின் முன்பாதி அந்தச் சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டது, குதிகால் மேலே நின்றது, ஆள் முன்னால் விழுந்தாள். விழுந்தவள் எழுந்து, உருண்டோடிய முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டு, நடந்தே வீட்டுக்கு வந்து சொதி வைத்தாள். அன்று ராத்திரி எனக்குப் பரிமாறியது அவள்தான். தேங்காய்ப்பால் பக்குவமாகத்தான் இருந்தது. ஒரு காலில் நின்றுகொண்டு ஊற்றுகிறாள் என்பதை நான் கவனித்தேன், கேட்டேன்.

"சுளுக்கு தம்பி. புளியும் உப்பும் மஞ்சளும் கொதிக்க வச்சுப் பத்து போட்டா காலம்பற சரியாயிரும். நீங்க சாப்பிடுங்க."

காலையில் சரியாகவில்லை. மறுநாள் கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியது. அதற்கும் மறுநாள் பத்தைக் கழுவிப் பார்த்த அண்ணாச்சி என் கதவைத் தட்டினார். உள்ளங்காலின் நடுவில் நீலமாக ரத்தம் கட்டியிருந்தது. என் ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் லிமயே புனேக்காரர், சிக்கனமாகப் பேசுகிறவர். படத்தை வெளிச்சத்தில் வைத்து அண்ணாச்சியிடம் ஹிந்தியில் சொன்னார். விரல்களுக்குப் போகிற நீள எலும்புகளும் கணுக்காலுக்கு முன்னால் இருக்கிற குட்டி எலும்புகளும் சேருகிற இடம் இது. பழைய பாலத்தின் கல் வளைவு மாதிரி ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து உடம்பைத் தாங்குகிறது. நடுக்கல் நகர்ந்துவிட்டது. திருகாணி போட்டு முடுக்க வேண்டும். "முழங்கால் எலும்பு இரண்டாக ஒடிந்து வந்திருந்தால்கூட நான் இத்தனை கவலைப்பட்டிருக்க மாட்டேன்" என்றார். அண்ணாச்சி ஃபிட்டர் ஆனதால் திருகாணி என்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது.

ஆபரேஷன் முடிந்து, மாவுக்கட்டோடு மைனியை ஹாலில் கட்டிலில் போட்டோம். கட்டிலின் தலைமாட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் முதல் சண்டை.

"ஜன்னல் பக்கம் வைப்போம், காத்து வரும்" என்றார் அண்ணாச்சி.

"காத்து எனக்கெதுக்கு? அடுக்களை தெரியணும். திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டோம். அன்றிலிருந்து அண்ணாச்சி சமையல், மைனி கட்டிலிலிருந்து மேற்பார்வை. கண்ணால் பார்த்தது பாதி, மூக்கால் பார்த்தது பாதி.

"கடுகு பொரிஞ்சு எவ்வளவு நேரமாச்சு? இன்னும் கருவேப்பிலைய கையில வச்சுக்கிட்டு நிக்கிய?"

"போட்டுட்டேன்ளா."

"போட்டா சத்தம் வரணும்லா? சத்தமே வரலையே. எண்ணெ ஆறிப்போச்சு. சவத்த, அந்தத் தாளிப்பத் தூரக் கொட்டிட்டு வேற வைங்க."

"இதுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. பயலுக வாயில வச்சுப் பாத்துட்டு, நாளைலருந்து உடுப்பி ஓட்டலுக்குப் போவானுவ. அம்புட்டுதான்."

உண்மையைச் சொன்னால் அண்ணாச்சியின் சாம்பார் மோசமில்லை. உப்பை மட்டும் ஏதோ அளவுமானி வைத்துப் போடுவதுபோல் பயந்து பயந்து போடுவார். பையன்கள் முறுமுறுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இரண்டு மூன்று பேர் நின்றும்விட்டார்கள். மைனி ஒவ்வொருத்தர் தட்டும் எத்தனை தடவை நிறைகிறது என்று கட்டிலிலிருந்தே பார்த்தாள். மழைக்காலத்தில் மாவுக்கட்டுக்குள் அரிப்பு வேறு. தேங்காய் துருவுகிற நேரம் வந்தால் அவள் கை தானாகப் போர்வையைப் பிராண்டும். தலையணையை அடிப்பாள். சுவரில் இருக்கிற காலண்டர் கோணலாக இருக்கிறது என்பாள். நேராக்கினால் முன்னே இருந்ததே பரவாயில்லை என்பாள். அண்ணாச்சிக்கும் நிலைகொள்ளாது. கேட் பக்கம் போய் வர முடியாததால், கரண்டியோடு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டேயிருப்பார். அந்த வீட்டில் போய் உட்கார்ந்தால் எனக்கே காலை ஆட்டத் தோன்றும்.

"எனக்குக் காலுதான தம்பி போச்சு. கை நல்லாத்தான கெடக்கு. ஒரு முருங்கக்கீரைய ஆஞ்சு குடுக்கக்கூட விடமாட்டேங்காவ" என்று என்னிடம் புகார்.

"குடுத்தேன்ளா முந்தாநாளு. ஆஞ்சுட்டு அப்படியே குண்டியால நகண்டு நகண்டு அடுக்களை வாசல் வரைக்கும் வந்துட்ட. தம்பிகிட்ட அதையும் சொல்லு."

"வாசல் வரைக்குந்தான வந்தேன். உள்ள வந்தேனா?"

கணபதி கரைத்த பிறகு கட்டைப் பிரித்தார்கள். கால் வெளுத்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மைனி அதைத் தொட்டுப் பார்த்து அழுதாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றப் பழக்கினார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஒரு ஷூ தைத்து வாங்கினோம். கறுப்பு, ஆம்பிளை ஷூ மாதிரி, அடிப்பாகம் மரக்கட்டையாக வளையாது. உள்ளே பாத வளைவைத் தாங்க ஒரு மேடு. "நடக்கும்போது இது இல்லாமல் நடக்கக் கூடாது" என்றார் டாக்டர். "சரி" என்றாள் மைனி.

சொன்னபடி நடந்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் சேலைக்குக் கீழே அந்த ஷூவோடு, கையில் கம்போடு, ஸ்டேஷன் வரை போய்வருவாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் 'ஃபவ்ஜி மாவ்ஷி' என்று பேர் வைத்தார்கள், பட்டாளத்து மாவ்ஷி. அவளும் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போவாள். காய்கறிக்காரி இவளைக் கண்டதும் கொத்தமல்லிக் கட்டை இலவசமாகப் போட்டாள். வீட்டுப் படியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, ஷூவைச் செருப்புகளோடு வரிசையாக வைத்து, கால் கழுவிக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போவாள்.

மெஸ் பழையபடி நிமிர்ந்தது. நின்றுபோன பையன்கள் திரும்பி வந்தார்கள், கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்ட சனிக்கிழமை நான் இரண்டு தடவை சாப்பிட்டேன். பட்டாபிராமன் ஸாரும் திரும்ப வந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ரிடையரானவர், தனி ஆள், மயிலாப்பூர்க்காரர். அமாவாசை, ஏகாதசி பாரணை என்று ஆசாரமான நாள்களிலெல்லாம் அவருக்கு மைனி வீட்டுச் சாப்பாடுதான். "நான் ஒரு பிராமணன், சைவப் பிள்ளைவாள் ஆத்துல கை நனைக்கறேன்னா அந்த அடுக்களையைப் பாத்துத்தான் ஓய்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். மைனி அந்தப் பேச்சைக் காதில் விழாதமாதிரி கேட்டுக்கொள்வாள். மீனு முதல் வகுப்பு வாங்கியபோதுகூட அவள் முகத்தில் அத்தனை திருப்தி இல்லை.

சாயங்காலமானால் கால் வீங்கியது. சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு மறைத்தாள். தீபாவளிக்கு முறுக்குச் சுற்றி முடித்த அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதையும், ஷூ புதுசு, கடிக்கிறது என்று சமாளித்தாள்.

நவம்பரில் டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். பிறகு பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே போட்ட திருகாணிகளில் ஒன்று முறிந்திருந்தது.

"ஷூ போடாமல் நடந்தீர்களா?"

மைனிக்குக் கோபம் வந்தது. மார்க்கெட் மராத்தியும் ஹிந்தியும் கலந்து கொட்டினாள். ஒரு அடி, ஒரே ஒரு அடி ரோட்டில் ஷூ இல்லாமல் வைத்திருந்தால் என்னைச் செருப்பாலேயே அடியுங்கள், பிம்ப்ரி முழுக்கச் சாட்சி இருக்கிறது என்றாள். அண்ணாச்சி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

"வீட்டில்?" என்றார் டாக்டர்.

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம். கேள்வியே புரியவில்லை. வீட்டில் யார் ஷூ போடுவார்கள்?

"வீட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்?"

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். காலையில் இட்லி, மத்தியானச் சாப்பாடு, ராத்திரிப் பலகாரம், நடுவில் மாவு ஆட்டுவது. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. ரோட்டில் நடந்தது அரைமணி. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றது நாள் முழுக்க. டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். "எங்கள் வீட்டிலும் யாரும் உள்ளே போட்டுக்கொள்வதில்லை. அதனால் எனக்கும் தோன்றவில்லை."

பிறகு கறாராகச் சொன்னார். எலும்பு நூலளவு விலகியிருக்கிறது. பொங்கல் கழித்து மறுபடி படம் எடுப்போம். அதற்குள் இன்னும் விலகினால் திரும்பத் திறந்து, அந்த எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் நடுப்பாகம் கட்டையாகிவிடும். நாள் முழுக்க நின்று சமைப்பதை மறந்துவிட வேண்டியதுதான். படுக்கையிலிருந்து இறங்கினால் ஷூ, குளியலறை தவிர எங்கேயும் ஷூ.

"அடுக்களையிலயுமா?" என்றாள் மைனி தமிழில். டாக்டருக்கு அது புரிந்துவிட்டது. தலையாட்டினார்.

வீட்டுக்கென்று தனியாக இன்னொரு ஜோடி தைத்தோம். ரோட்டையே பார்க்காத ஷூ, புதுத் துணி மாதிரி சுத்தம். மைனி அதைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். ஹாலைக் கடந்தாள். அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவிழ்த்தாள். வெறுங்காலோடு உள்ளே போனாள்.

அண்ணாச்சி முதல் நாள் கெஞ்சினார். இரண்டாம் நாள் சாமி அலமாரியைக் கழற்றி ஹாலில் மாட்டிவிடலாம் என்று ஸ்குரூ டிரைவரோடு வந்தார்.

"சாமிய ஹால்ல வைப்பிய. பெறவு? அடுப்பையும் கொண்டாந்து ஹால்ல வைப்பியளா? அடுக்களைன்னா படம் மட்டுமா? அடுப்பும் சாமிதான். தண்ணிக் கொடமும் சாமிதான். செருப்போட நின்னு சோறு பொங்கி, அத நாலு பேரு வாயில வைக்கணுமா?"

"அப்ப மெஸ்ஸ நிறுத்திருவோம்."

"நிறுத்திட்டு? நீங்க அந்தப் பூட்டின கேட்டப் பாத்துட்டு வருவிய. நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும். எனக்குக் கோட்டி புடிச்சிரும்."

"நான் சமைக்கேன். நீ ஒக்காரு."

"சமைச்சியளே, பாத்தோமே."

அவள் கண்டுபிடித்த வழி வேறு. வலது காலில் மட்டும் நின்று சமைப்பது. இடது காலை லேசாகத் தரையில் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொள்வாள். தோசை ஊற்றுகிறபோது மறந்துபோய் முழுசாக ஊன்றுவாள். நினைவு வந்ததும் தூக்குவாள். ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நான் தட்டை விட்டுவிட்டு அவள் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கால் தரையில் படுகிற ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சியின் தாடை இறுகும்.

விஷயம் பட்டாபிராமன் ஸார் காதுக்குப் போனது. கார்த்திகையில் ஒரு நாள் அவர் வந்தபோது அந்தப் புது ஷூ அடுக்களை வாசலில் கிடந்தது. உட்காராமல் அதையே பார்த்தார்.

"டாக்டர் உள்ள போட்டுக்கச் சொல்றாராமே, வாஸ்தவமா?"

"சொல்லுதாவ சாமி. நான் போடல" என்றாள் மைனி அவசரமாக.

"நான் ஒண்ணும் சொல்ல வரலை. உடம்பு முக்கியம், பேஷா போட்டுக்கோங்கோ. ஆனா நாளைக்கு அமாவாசை பாருங்கோ. எனக்கு ஒரு சந்தேகம் வந்துடுத்துன்னா அப்பறம் தொண்டையில எறங்காது. பழமும் பாலும் போறும் எனக்கு. தப்பா எடுத்துக்கப்படாது."

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான், அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்க்கலாம். மைனி அவருக்கென்று எடுத்து வைத்த வாழையிலையை மடித்து, திரும்ப விரித்து, திரும்ப மடித்தாள்.

"போடாமலே இப்படி. போட்டுட்டா?" என்றாள்.

மார்கழி பிறந்து புனே குளிரில் பல் கிட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஞாயிறு என்றால் பந்தி பெரிசு. பையன்கள் குளித்துவிட்டுத் துண்டால் காதைக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சளசளத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலில் பாயை விரித்தேன். உள்ளே இடிசாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாசனையில் பசி இரண்டு பங்காகியிருந்தது. மைனி ஷூவோடு ஹாலில் நின்று டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின ராத்திரி கால் எரிகிறது என்று தூங்கவில்லையாம், கண் சிவந்திருந்தது. துடைத்து முடித்துவிட்டு வழக்கப்படி அடுக்களை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தாள்.

"கழத்தாத" என்றார் அண்ணாச்சி.

"ஆரம்பிச்சிட்டியளா? பயலுக வந்து நிக்கானுவ."

"கழத்தாதளா. சொல்லுதேன்."

"நீங்க சொல்லுங்க. நான் சாம்பார எறக்கிட்டு வாறேன்."

அண்ணாச்சி வெளியே போனார். படியில் உட்கார்ந்திருந்த பையன்கள் விலகுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் காலில் கம்பெனி பூட்ஸ் இருந்தது. முன்னால் இரும்பு வைத்த கனத்த பூட்ஸ், ஒன்றரை வருஷத் தூசியும் பழைய எண்ணெய்க் கறையும் அப்படியே. வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே வந்தார். நான் விரித்த பாயை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, மைனியின் ஸ்டூலையும் தாண்டி, நேரே அடுக்களைக்குள் போனார். கால் கழுவாமல் ஒரு நாளும் நுழையாத மனுஷன். தரையில் தடம் பதிந்தது.

மைனி போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது.

"ஏ, என்ன பண்ணுதிய! கோட்டி புடிச்சிட்டா உங்களுக்கு! வெளிய வாங்க! வெளிய வாங்கங்கேன்!"

"வரல."

"சாமி இருக்குங்க! முருகா... தம்பி, அவுகள இழுங்க தம்பி!"

நான் அசையவில்லை.

அண்ணாச்சி அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கரண்டியை எடுத்துச் சாம்பாரைக் கிண்டினார். குரல் மட்டும் வந்தது.

"பாவம்னா எனக்குச் சேரட்டும். நான் கேட்டுக்கிடுதேன் சாமிகிட்ட. என் கம்பெனி போச்சு, நான் ஒண்ணும் சொல்லல. சும்மா கெடக்கேன், நீ ஒழைக்க, நான் திங்கேன், அதுக்கும் வாயத் தொறக்கல. நீயும் நொண்டிட்டா இந்த வீட்டுல நடக்கதுக்கு யாருளா இருக்கா? எனக்கு நீ நடக்கணும். சாம்பாரு மண்ணாப் போவட்டும். பட்டாபிராமன் பழத்தத் திங்கட்டும். எனக்கு நீ நடக்கணும்."

"அதுக்கு இப்படியா? அந்த எண்ணெ பூட்ஸோடயா? எச்சிப் பண்ணாதிய, கரண்டிய வைங்க! ஐயோ, அந்தக் கறை..."

அவள் எழுந்தாள். முகம் சிவந்து, உதடு துடிக்க, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். அண்ணாச்சியின் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். முதுகில் அடித்தாள். கரண்டியைப் பிடுங்கினாள். அவர் அடி வாங்கிக்கொண்டே திரும்பி, கீழே பார்த்தார்.

அவளும் பார்த்தாள்.

இரண்டு காலிலும் ஷூ இருந்தது. அடுப்புக்கு முன்னால், சாமி அலமாரிக்கு நேர் கீழே, இரண்டு பாதமும் நன்றாகத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

படியில் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாம்பார் மட்டும் கொதித்தது. கோபத்தில் எழுந்தவள் எழுந்த கையோடு போய்விட்டாள், முடிச்சு நினைவிலேயே இல்லை. இப்போது திரும்பி வெளியே வருவாள், ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்து அவிழ்ப்பாள், அடுக்களையைக் கழுவிவிடச் சொல்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் உடம்பும் பாதி திரும்பியது.

சாம்பார் பொங்கி விளிம்புக்கு வந்தது. மைனியின் கை போய்த் தீயைக் குறைத்தது. அதற்காக இடது காலில்தான் சாய்ந்தாள், முழு உடம்பையும் வைத்து. ஒரு கணம் அப்படியே நின்றாள். வலியை எதிர்பார்த்து நின்றாள், அது வரவில்லை என்று நினைக்கிறேன். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே ஒரு கரண்டி சாம்பாரைக் கிண்ணத்தில் எடுத்தாள். அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்துக்கிட்டுதான இருக்க" என்றாள் முருகனிடம். "வேண்டாம்னா இப்பமே சொல்லிரு." கிண்ணத்தை உயர்த்திக் காட்டிவிட்டுத் துண்ணூறு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டாள்.

பொங்கல் கழித்து எடுத்த படத்தில் எலும்பு விலகாமல் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குப்பின் அந்த மெஸ் நடந்தது, பட்டாபிராமன் ஸார் மட்டும் கடைசிவரை வரவில்லை. அதெல்லாம் பிந்திய கதை. அன்றைக்கு எங்களுக்கு அது எதுவும் தெரியாது. அன்றைக்கு அண்ணாச்சி அந்தச் சின்ன அடுக்களையில் பக்கவாட்டில் ஒதுங்கி, என்ன செய்வது என்று தெரியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். மைனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருங்காய டப்பாவைத் தேடினாள். தேடுகிற கண் தரைக்குப் போயிற்று. எண்ணெய்த் தடம், பூட்ஸ், அதற்குள் நிற்கிற ஆள் என்று வரிசையாகப் பார்த்தாள்.

"உங்க காலு நல்லாத்தான இருக்கு?" என்றாள். "வெளிய போயிக் கழத்திட்டு, காலக் களுவிட்டு வாங்க."